பல்கலைக்கழகத்தில் பன்மைத்துவ, ஒப்புரவுத் திட்டம் போடுவது எப்படி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கடிதம் ஒன்று வரும். "பன்மைத்துவம், ஒப்புரவு, உள்வாங்கல் தொடர்பான செயற்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் குழுவுக்கு நீங்கள் இணைப்பாளராக நியமிக்கப்பட்டுள்ளீர்கள்." அதைப் பெறுபவர் பெரும்பாலும் வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத விரிவுரையாளர். மூத்தவர்கள் ஏற்கெனவே நாலு குழுவில் மாட்டியிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படியொரு கடிதத்தை வாங்கி, ஒரு திட்டத்தை முடிவுவரை இழுத்துக்கொண்டு போனவன் நான். எனக்குப் பின் வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் கூட்டத்திலேயே யாராவது "ஒரு கலைவிழா வைப்பம்" என்பார்கள். பரதம், கண்டிய நடனம், பொங்கல், பாற்சோறு, வட்டிலப்பம். படங்கள் நன்றாக வரும். மறுநாள் காலை, சக்கர நாற்காலியில் வரும் மாணவர் அதே படிக்கட்டின் கீழேதான் நிற்பார். இந்த வழிகாட்டியில் விழா கடைசிக்குப் பக்கத்தில் வருகிறது.

சொற்களை ஒருமுறை தெளிவாக்கிவிடலாம், ஏனென்றால் குழுவில் மூன்றையும் ஒன்றாகக் குழப்புவார்கள். யார் யார் இங்கே இருக்கிறார்கள் என்பது பன்மைத்துவம். ஒருவர் எட்டவேண்டிய இடத்தை எட்ட அவருக்கு எது குறைகிறதோ அதைக் கொடுப்பது ஒப்புரவு. வந்தவருக்கு இங்கே குரலும் இடமும் இருக்கிறதா என்பது உள்வாங்கல். முதலாவதில் உங்களுக்கு அதிகம் வேலையில்லை. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரித்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே ஆட்களை அனுப்பிவிடுகிறது. மாத்தறையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் பகுதி.

1. நியமனக் கடிதத்தைத் திருத்தி வாங்குங்கள்

வேலை தொடங்க முன் அந்தக் கடிதத்தை மறுபடி வாசியுங்கள். உங்களுக்கு என்ன அதிகாரம் என்று அதில் இருக்காது. மூன்று வரிகள் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: நேரசூசி, விடுதி, பராமரிப்பு ஆகிய பகுதிகளிடம் நேரடியாகத் தகவல் கேட்கலாம், குழுவின் அறிக்கை மூதவையின் (செனட்டின்) நிகழ்ச்சிநிரலில் இடம்பெறும், அடுத்த வருட வரவுசெலவு மதிப்பீட்டில் இதற்கென்று ஒரு வரி இருக்கும்.

காரணம் எளிது. இந்த வரிகள் இல்லாவிட்டால் நாலாவது மாதத்தில் ஒரு லிகிதர் "உங்களுக்கு எந்தக் கடிதத்தின்படி இந்த விபரம் தரவேணும்?" என்று கேட்பார். அவர் கேட்பதில் பிழையில்லை.

குழுவில் விரிவுரையாளர்கள் மட்டும் இருந்தால் திட்டம் கட்டுரையாகிவிடும். பதிவாளர் கிளையிலிருந்து ஒருவர், விடுதிப் பொறுப்பாளர் ஒருவர், பராமரிப்புப் பகுதியிலிருந்து ஒருவர் கட்டாயம் வேண்டும். பூட்டைத் திறப்பவர்கள் அவர்கள்தான். மாணவர் இருவர் போதும், ஆனால் மாணவர் ஒன்றியம் அனுப்பும் இருவராக மட்டும் இருக்கக்கூடாது. ஒன்றியத்தில் குரல் இல்லாதவர்களுக்காகத்தானே இந்தக் குழு.

கையில் ஒரு பக்கச் சட்டக் குறிப்பும் வைத்திருங்கள். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பெண்கள், சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 12(4) சொல்கிறது. "அவையளுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?" என்ற கேள்வி எந்தச் சபையிலும் வரும்; அந்த நேரத்தில் 12(4) ஐ எடுத்து வாசித்தால் பேச்சு சுருங்கும். கூடவே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996 இன் 28ஆம் இலக்கச் சட்டம், அதன்கீழ் 2006 இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள், பகிடிவதைக்கு எதிரான 1998 இன் 20ஆம் இலக்கச் சட்டம், பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சாதி காரணமாக ஒருவர்மீது தடை போடுவதைக் குற்றமாக்கிய 1957 இன் 21ஆம் இலக்கச் சட்டம். இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும்.

2. ஒரு மாணவரோடு ஒரு நாள் முழுக்க நடங்கள்

கேள்விக்கொத்து அடிக்க ஓடாதீர்கள். முதலில் நடக்கவேண்டும். வேறுவேறு நிலைமையில் உள்ள நாலைந்து மாணவரைக் கேட்டு, விரும்பியவரோடு காலையிலிருந்து மாலைவரை போங்கள். குறிப்புப் புத்தகம், அளவு நாடா, கைத்தொலைபேசி போதும். என்ன கேட்பது என்று இந்த நடையில்தான் தெரியவரும். நடக்காமல் தயாரித்த கேள்விக்கொத்தில் நாங்கள் "வளாகச் சூழல் திருப்தியா?" என்று கேட்டிருந்தோம். எல்லோரும் "ஓரளவு" என்று அடையாளமிட்டுத் தந்தார்கள்.

நான் நடந்த முதல் நாளில் கண்டதைச் சொல்கிறேன். கட்டட வாசலில் மூன்று படி, மொத்த உயரம் 18 அங்குலம். பக்கத்தில் சாய்தளம் இருந்தது, எங்கள் அறிக்கைகளில் "அமைக்கப்பட்டது" என்றும் இருந்தது. 12க்கு 1 என்ற சரிவில் 18 அங்குலம் ஏற 18 அடி நீளம் வேண்டும். நாடாவை வைத்து அளந்தேன்: ஏழடி. இடமில்லை என்று அதோடு முடித்திருந்தார்கள். பின்னால் இருவர் பிடிக்காமல் ஏற முடியாது. காவலாளி தன் சைக்கிளை உள்ளே ஏற்ற அதைப் பாவித்தார், அதற்கு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக் கதவில் பூட்டு. சாவி ஒன்பதரைக்கு வரும் ஒருவரிடம். திறந்தால் உள்ளே தும்புத்தடிகளும் வாளிகளும்.

இதைக் காசு இல்லாத குறை என்று எழுதிவிடுவார்கள். பாதிதான் அது. சாய்தளத்துக்குக் காசு வேண்டும், சாவிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நடந்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

இன்னொரு நாள் நெடுந்தீவு மாணவி ஒருவரோடு. படகில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், பிறகு இன்னொரு பஸ். எட்டு மணி விரிவுரைக்கு வீட்டிலிருந்து வரவே முடியாது, அதனால் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். திங்கட்கிழமைகளில் மட்டும் தவறும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அந்த நாட்களும் போய்விடும். பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும் என்ற விதி அவரை எப்படிப் பிடிக்கும் என்று யாருமே கணக்குப் பார்த்திருக்கவில்லை. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் வரவில் தளர்வு கிடைக்கும். கடலுக்கு எந்த வைத்தியர் சான்றிதழ் கொடுப்பது?

மூன்றாவது, அலுவலகக் கவுண்டர். உதவித்தொகைப் படிவத்தோடு நின்ற ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டது: "மிஸ், அப்பான்ர தொழில் எண்ட இடத்தில என்ன எழுதுறது?" தந்தை காணாமல் போனவர். படிவத்தில் இருந்த தெரிவுகள் இரண்டுதான்: தொழில், அல்லது இறப்புச் சான்றிதழ் இலக்கம். தாய் இறப்புச் சான்றிதழ் எடுக்க மறுத்துவிட்டார். இந்த மண்ணில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். காணாமற்போனவர் இன்னும் காணப்படவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழை வழங்க 2016 இல் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. எங்கள் படிவம் மட்டும் அதை அறியாமல் இருந்தது. ஒரு பெட்டி கூடுதலாக அச்சிட எவ்வளவு செலவு?

நடை முடிந்த இரவே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் "போக்குவரத்துச் சிரமங்கள்" என்று சுருங்கிப்போகும்.

3. எண்களைச் சேர்க்கும்போது யாரையும் காட்டிக்கொடுக்காதீர்கள்

இப்போது எண்கள். இருப்பதிலிருந்து தொடங்குங்கள்: பதிவுத் தரவு, விடுதி ஒதுக்கீடு, இடைவிலகல், மீள்பரீட்சை, உதவித்தொகை. மாவட்டம், பால், பாடசாலை மொழிமூலம் ஆகியவற்றால் பிரித்துப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். யார் வந்தார்கள் என்பதைவிட யார் இடையில் போனார்கள் என்பதுதான் உங்களுக்குத் தேவை. முதல் வருட ஆங்கிலப் பாடத்தில் யார் திரும்பத் திரும்ப விழுகிறார்கள் என்று பாருங்கள். ஆங்கில ஆசிரியரே இல்லாத வன்னிப் பாடசாலையிலிருந்து வந்தவரும், நகரத்துப் பெரிய கல்லூரியிலிருந்து வந்தவரும் ஒரே ஆங்கிலமூல விரிவுரையில் இருக்கிறார்கள்.

புதிய கேள்விக்கொத்து தேவையென்றால் மூன்று மொழியிலும் கொடுங்கள். மொழிபெயர்ப்பைக் கூகிளிடம் கொடுத்துவிட்டுப் பாராமல் அச்சிட வேண்டாம். சிங்களப் பிரதியை அந்த மொழி பேசும் ஒருவர் வாசித்துப் பார்க்கவேண்டும்.

இதில் பெரிய பிழை, பெயர் கேட்காததால் பெயர் தெரியாது என்று நம்புவது. ஒரு வகுப்பில் மூன்று முஸ்லிம் மாணவிகள் இருக்கும்போது "மதம், பால், கற்கை வருடம்" என்று கேட்டால் பெயரைக் கேட்டதற்குச் சமம். அவர்களுக்கும் அது தெரியும், அதனால் உண்மையை எழுதமாட்டார்கள். நாங்கள் வைத்துக்கொண்ட விதி: எந்த அட்டவணையிலும் பத்துப் பேருக்குக் குறைவான கட்டத்தை வெளியிடுவதில்லை. அதைக் கேள்விக்கொத்தின் தலைப்பிலேயே எழுதினோம்.

சாதி பற்றி. கேள்விக்கொத்தில் சாதியைக் கேட்காதீர்கள். கேட்டால் பேனை நின்றுவிடும், மிச்சக் கேள்விகளுக்கும் பதில் வராது. ஆனால் கேட்காததால் அது இல்லை என்று எழுதிவிடவும் கூடாது. இங்கே சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. "எவடம்?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "அதில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" இரண்டு கேள்வியில் ஆளை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே கேள்விக்கொத்தில் கிராம அலுவலர் பிரிவையும் கேட்காதீர்கள். அது இதே கேள்வியின் அலுவலக வடிவம். மாவட்டம் போதும்.

அப்படியானால் அதை எப்படிப் பார்ப்பது? விடுதி அறைகளை மாணவரே தெரிவு செய்யும் இடத்தில் யார் யாரோடு சேர்கிறார்கள், சேர்ந்து சமைப்பதில் யார் விலகி நிற்கிறார்கள், விழாவில் எந்த வேலை யார் தலையில் விழுகிறது. இதை எண்ணாக்க முடியாது. அடுத்த படியில் கேட்கலாம், அதுவும் கேட்கத் தெரிந்தவர் கேட்டால்.

4. கேட்கும் கூட்டங்கள்

ஒரே மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி "மனம் விட்டுப் பேசுங்கள்" என்றால் வழமையாகப் பேசும் நாலு பேர்தான் பேசுவார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு கூட்டங்கள் வையுங்கள். பெண்கள் தனியாக ஒன்று. சிங்களம் பேசுபவர்களுக்கு ஒன்று; மொழிபெயர்ப்பவர் அவர்களுடைய வகுப்பு நண்பராக இருக்கக்கூடாது, நண்பர் கூர்மையான பகுதியை மழுக்கித்தான் சொல்வார். மலையகப் பின்னணி மாணவர்களைக் கூப்பிட்டால் "உங்கள் பிரச்சினை என்ன" என்று தொடங்காமல் "முதல் மாதம் எப்படிப் போனது" என்று தொடங்குங்கள். பிரச்சினைக்குரியவர்களாக யாருக்கும் இருக்க விருப்பமில்லை.

பீடாதிபதியின் கூட்ட அறை வேண்டாம். நூலகத்தில் ஒரு சிறிய அறை, தேநீர், ரோல்ஸ். வெள்ளி நண்பகலும் நோன்புக் காலத்து மாலையும் வேண்டாம்.

புதியவர்கள் மறந்துவிடும் கூட்டம் ஒன்று உண்டு: துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், சிற்றுண்டிச்சாலைக்காரர். எந்தப் பிள்ளை மத்தியானம் சாப்பிடாமல் நூலகத்துக்குப் போகிறது என்று சிற்றுண்டிச்சாலை அக்காவுக்குத் தெரியும். எந்த மூலையில் விளக்கு எரியாததால் பெண்கள் சுற்றிப் போகிறார்கள் என்று இரவுக் காவலாளிக்குத் தெரியும். எங்கள் திட்டத்தில் மிகப் பயன்பட்ட ஆறு வரிகள் அந்த ஒரு மணித்தியாலத்தில் கிடைத்தவை.

இரண்டு வாரத்துக்குள், கேட்டதில் எது எடுக்கப்படும், எது இப்போது முடியாது என்று ஒரு பக்கத்தில் அவர்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

5. கண்டதை மூன்றாகப் பிரியுங்கள்

இப்போது உங்களிடம் நாற்பது, ஐம்பது குறிப்பு இருக்கும். "இனம்", "பால்", "மாற்றுத்திறன்" என்று தலைப்பிட்டுப் பிரிக்கத்தான் கை போகும். அப்படிப் பிரித்தால் அறிக்கை அழகாக இருக்கும், வேலை நகராது. எதனால் தீரும் என்பதை வைத்துப் பிரியுங்கள்.

ஒன்று, ஒரு அழைப்பில் தீர்பவை: கழிப்பறைச் சாவி, எரியாத மின்குமிழ், அறிவித்தலை மூன்று மொழியில் ஒட்டுவது, வெள்ளிக்கிழமை ஆய்வுகூட நேரத்தை மாற்றுவது. இரண்டு, சபையின் தீர்மானம் வேண்டியவை: வரவு விதி, பரீட்சையில் மேலதிக நேரம், படிவ மாற்றம். மூன்று, காசு வேண்டியவை: சாய்தளம், மின்தூக்கி, உரைபெயர்ப்பாளர்.

முதல் வகையில் ஐந்தை முதல் மாதமே முடியுங்கள், திட்டம் எழுதி முடிக்குமுன். ஜும்மா நேரத்தில் ஆய்வுகூடம் வைத்திருந்த ஒரு நேரசூசியை நாங்கள் இருபது நிமிடத்தில் மாற்றினோம். இரண்டாம் வருட மாணவர் ஒருவர் பிறகு சொன்னார்: "சேர், போன வருசம் முழுக்க நான் அந்த லாப்பைப் பாதியிலதான் விட்டிட்டு ஓடினனான்." ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. இப்படி ஒன்றிரண்டு நடந்தால்தான் மிச்சத்துக்குச் சபையில் ஆதரவு கிடைக்கும்.

6. திட்டத்தை எழுதுதல்

நாலு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் என்ன, யார், எப்போது, எப்படித் தெரியும் என்ற நாலும் இருக்கவேண்டும்.

"மாணவர் மத்தியில் பன்மைத்துவம் பற்றிய விழிப்புணர்வை மேம்படுத்தல்" என்ற வரியை எல்லாத் திட்டத்திலும் காணலாம். அது ஒருபோதும் தோற்காது, ஏனென்றால் அது எதையும் செய்வதாகச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக: "முதலாம் அரையாண்டு தொடங்குவதற்கு நாலு வாரம் முன், வெள்ளி 12.00 முதல் 1.30 வரை கட்டாய வகுப்பு எதுவும் இல்லாத நேரசூசி ஒட்டப்படும். பொறுப்பு: பீடத்தின் உதவிப் பதிவாளர்." ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்க்கலாம்.

பொறுப்பு என்ற இடத்தில் "குழு" என்று எழுதாதீர்கள். பதவியை எழுதுங்கள், ஆளின் பெயரை எழுதாதீர்கள். ஆள் படிப்பு விடுமுறையில் வெளிநாடு போய்விடுவார்.

வளாகம் இரண்டு இடத்தில் இருந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் திருநெல்வேலியும் கிளிநொச்சி அறிவியல் நகரும்போல, இரண்டுக்கும் தனித்தனி வரிகள் வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் வளாகத்தில் மாணவி ஒருவர் ஏழு மணிக்கு நூலகத்தால் வெளியே வந்தால் ஓட்டோ பிடிப்பார். ஏ9 வீதியிலிருந்து உள்ளே இருக்கும் வளாகத்தில் அந்த நேரம் வேறு கணக்கு.

7. ஒப்புதல் வரிசையும் நாட்காட்டியும்

பீடச் சபை, பிறகு மூதவை, பிறகு பேரவை (கவுன்சில்). மாதம் ஒருமுறை கூடுபவை இவை. ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் முடிவுத் திகதியை ஒரு நாள் தவறவிட்டால் ஒரு மாதம் போகும். மூன்றிலும் தவறினால் மூன்று மாதம். திகதிகளை முதலே வாங்கிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

நிதி வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த வருடக் கோரிக்கைகளை நிதிப் பகுதி வருட நடுவிலேயே கேட்கும். கல்வி வருடத்தை வைத்துத் திட்டம் போடுபவர்கள் இதில் விழுவார்கள்: ஒக்டோபரில் நல்ல திட்டம் கையில் இருக்கும், வரவுசெலவு மதிப்பீட்டில் அதற்கென்று ஒரு வரி இருக்காது. சாய்தளம்போன்ற கட்டுமான வேலைக்கு விலைமனு, மதிப்பீடு, ஒப்பந்தம் என்று இழுக்கும். டிசம்பருக்குள் முடியாவிட்டால் காசு திரும்பிப் போகும். கட்டுமானத்தை வருடத் தொடக்கத்திலும் பயிற்சிகளை இறுதியிலும் வையுங்கள்.

சபைக்குக் கொண்டுபோகும்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் கட்டாதீர்கள். வரவு விதி தனித் தாள், பரீட்சை ஏற்பாடு தனித் தாள். ஒன்றில் சண்டை வந்தாலும் மற்றது தப்பும்.

8. விழிப்புணர்வுக்கு முன் முறைப்பாட்டு வழி

இதில் வரிசை மாறினால் தீங்கு நேரும். பாலியல் தொந்தரவு பற்றி ஒரு நல்ல பட்டறை நடத்தினீர்கள் என்று வையுங்கள். அடுத்த வாரம் ஒரு பிள்ளை வந்து சொல்லும். யாரிடம் அனுப்புவது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், அந்தப் பிள்ளை இரண்டாம் முறை காயப்படும், மற்றவர்களும் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்கள். ஆகவே முதலில் வழி.

வேண்டியவை: முறைப்பாட்டைப் பெற ஒரு பெண்ணும் ஒரு ஆணும், அவர்களில் ஒருவராவது சம்பந்தப்பட்ட பீடத்துக்கு வெளியே, எழுத்தில் கொடுக்காமல் முதலில் கதைத்துப் பார்க்கலாம் என்ற வாய்ப்பு, எத்தனை நாளில் பதில் என்ற வாக்கு, முறைப்பாடு செய்தவரின் விடைத்தாளை யார் திருத்துவார் என்ற ஏற்பாடு. கடைசி விஷயத்தை எல்லோரும் மறப்பார்கள். மாணவி பயப்படுவதோ முதலில் அதற்குத்தான்.

யாழ்ப்பாணம் சின்ன ஊர். முறைப்பாடு பெறுபவர் எதிராளியின் மச்சானாக இருக்கக்கூடும். அதனால் மாற்று ஆள் ஒருவரையும் கடிதத்திலேயே நியமியுங்கள். அறை, மாணவர் விவகாரக் கிளையின் வரிசை நிற்கும் நடைபாதையில் இருக்கக்கூடாது. எங்களுடையது முதலில் அங்கேதான் இருந்தது. மூன்று மாதத்தில் ஒருவரும் வரவில்லை, "முறைப்பாடு எதுவுமில்லை" என்று பெருமையாக அறிக்கை எழுதினோம்.

9. வகுப்பறையும் பரீட்சையும்

இதில் அதிகம் செலவில்லை, பழக்கத்தை மாற்றவேண்டும், அதுதான் கடினம்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துப் படிக்கிறார்கள். எங்கள் விரிவுரைக் குறிப்புகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் இருந்தது. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்து. "தமிழ்" என்ற சொல்லை அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வாசிக்கும். ஒரு முழு அரையாண்டுக் குறிப்பு இப்படி. மாணவர் அதை நண்பரைக்கொண்டு வாசிப்பித்து ஒலிப்பதிவு செய்து படித்துக்கொண்டிருந்தார்; எங்களுக்குத் தெரியாது. யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிவிடும். ஒளிப்படப் பிரதிகளும் இப்படித்தான், திரைவாசிப்பானுக்கு அவை வெறும் படம்.

பரீட்சையில் மேலதிக நேரம், எழுத்துதவியாளர், தனி அறை ஆகியவற்றுக்கு மூதவையின் தீர்மானம் முன்கூட்டியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுப்பதாக ஆகும். எழுத்துதவியாளர் அந்தப் பாடம் படிக்காதவராக இருக்கவேண்டும், ஆனால் பாடத்தின் சொற்களை எழுதத் தெரிந்தவராகவும் இருக்கவேண்டும். இருவரும் ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க நேரம் கொடுங்கள்.

உங்களுக்கு இதில் பழக்கமில்லை என்றால் கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் போன்ற மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான இடங்களில் அனுமதி கேட்டு ஒரு மத்தியானம் இருந்துவிட்டு வாருங்கள். பட்டறைகளில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

மொழிக்கு: ஆங்கிலமூலப் பாடம் ஒவ்வொன்றுக்கும் முக்கியமான அறுபது, எழுபது சொற்களுக்குத் தமிழ், சிங்கள விளக்கத்தோடு ஒரு தாள். கேள்வியை எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை துண்டில் எழுதும்.

10. புதுமுக வாரமும், கடைசியாக விழாவும்

புதுமுக வாரத்தில் சிரேஷ்ட மாணவருக்கும் ஊழியருக்கும் ஒரு தாள் கொடுங்கள்: "எவடம், எந்தக் கோயிலடி, அப்பா என்ன செய்யிறார்" ஆகிய மூன்று கேள்வியும் கேட்கப்படாது. எங்கள் தாளைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காதவர்களுக்காகத்தான் அது. பகிடிவதை பற்றிய அறிவித்தலோடு இதையும் சேர்த்து ஒட்டினால் தனியாகக் கண்ணை உறுத்தாது.

விழா வைப்பதென்றால் நிகழ்ச்சிநிரலை ஒரு தரப்பு எழுதி மற்றத் தரப்பை "வந்து ஆடுங்கள்" என்று கூப்பிடக்கூடாது. 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் வரவேற்பு நிகழ்வில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த பிணக்கு கைகலப்பில் முடிந்தது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். யார் எந்த ஒழுங்கில், எந்த அடையாளத்தோடு மேடை ஏறுவது என்பதை ஆறு வாரத்துக்கு முன்பே எல்லாத் தரப்பும் ஒரே மேசையில் இருந்து எழுதி ஒப்பமிடவேண்டும். திகதி குறிக்கும்போது நல்லூர்த் திருவிழா, ரமழான், வெசாக் மட்டும் பார்த்தால் போதாது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 ஐயும் மாவீரர் நாளான நவம்பர் 27 ஐயும் ஒட்டிய நாட்களில் கொண்டாட்டம் வைக்காதீர்கள். எந்த நாள் யாருக்கு என்ன என்பதைத் தெற்கிலிருந்து வந்த மாணவருக்கும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள். தெரியாமல் செய்ததும் இங்கே வேண்டுமென்று செய்ததாகத்தான் பார்க்கப்படும்.

11. ஆறு மாதத்துக்கொருமுறை, பிறகு கைமாற்றம்

ஆறு மாதத்துக்கொருமுறை நாலு பக்கத்தையும் எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே "நடந்தது, நடக்கவில்லை, பாதி" என்று எழுதுங்கள். நடக்காததற்குக் காரணம் ஒரு வரி. அதே மாணவர்களோடு, முடிந்தால், இன்னொரு நாள் நடங்கள். உள்ளகத் தர உறுதிப்பாட்டு அலகுக்கும் ஒரு பிரதி போகட்டும். மீளாய்வு வரும்போது அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

உங்கள் தவணை முடியும்போது அடுத்த இணைப்பாளருக்கு ஒரு பைல் கொடுங்கள். திருத்திய நியமனக் கடிதம், சட்டத் தாள், சபைத் திகதிகள், மறுக்கப்பட்ட கோரிக்கைகளும் மறுத்த காரணமும், இன்னும் பாமினியில் குறிப்புக் கொடுக்கும் பாடங்களின் பட்டியல். முதல் பக்கத்தில், கழிப்பறைச் சாவி வைத்திருப்பவரின் தொலைபேசி இலக்கம்.